பழைய கிடார், கீபோர்டு, வீணை: புதுச்சேரியில் வாங்கி விற்றுப் பார்த்ததில் தெரிந்தவை

புதுச்சேரியில் பழைய இசைக்கருவிக்குப் பஞ்சமே இல்லை. ஆரோவில் பக்கம் கொஞ்ச காலம் தங்கிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் கிடாரைத் தூக்கிக்கொண்டு போக யோசித்து இங்கேயே தள்ளிவிடுவார்கள். பிள்ளை ஆசைப்பட்டதென்று வாங்கிய கீபோர்டு, பத்தாம் வகுப்பு வந்ததும் பீரோ மேல் ஏறிவிடும். காந்தி வீதி ஞாயிறு சந்தையில் துணிமணிகளுக்கு நடுவே எப்போதாவது ஓர் ஆர்மோனியம் கண்ணில் படும். இவற்றை வாங்கி, சரிசெய்து, விற்பதை சில வருடங்களாகப் பக்க வேலையாகச் செய்துவருகிறேன். லாபம் இருக்கிறதா என்றால், இருக்கிறது. ஆனால் பொருள் வீட்டில் தங்கத் தங்க அது கரையும். கடலோர ஊரில் சீக்கிரமே கரையும்.

முதலில் அடிபடுவது அகௌஸ்டிக் கிடார்தான். அதற்குக் காற்றில் 45 முதல் 55 சதவீதம் ஈரப்பதம் இருந்தால் நல்லது. இங்கே மழைக்காலத்தில் 80ஐத் தாண்டுவது சாதாரணம். மரம் ஈரத்தை இழுத்து உப்பும், மேல்பலகை வயிறு தள்ளும், அதன்மேல் ஒட்டி, கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜும் கூடவே எழும்பும். கம்பி, கழுத்தின் குறுக்கே ஓடும் உலோகப் பட்டைகளான ஃப்ரெட்டுகளை விட்டு மேலே போய்விடும். வாங்க வந்தவர் ஒரே விரலால் எல்லாக் கம்பியையும் அழுத்தும் பார் கார்டு ஒன்றைப் பிடித்துப் பார்த்து, விரலை உதறிவிட்டு, "வீட்ல கேட்டுட்டு சொல்றேண்ணே" என்று கிளம்பிவிடுவார்.

அதனால் கிடார் கைக்கு வந்ததும் நான் வாசித்துப் பார்ப்பதில்லை. தடித்த கம்பியை முதல் ஃப்ரெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃப்ரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃப்ரெட்டுக்கு மேல் எவ்வளவு இடைவெளி என்று பார்ப்பேன். ஒரு விசிட்டிங் கார்டு நுழையும் அளவென்றால் சரி. கூடுதலாக இருந்தால் கழுத்துக்குள் ஓடும் இரும்புத் தண்டான ட்ரஸ் ராடைத் திருப்பினால் தீரும். ஆனால் அதைத் திருப்பும் நட் ஏற்கெனவே கடைசிவரை இறுகியிருந்தாலோ, தலை தேய்ந்திருந்தாலோ பேரமே பேசுவதில்லை. அப்புறம் பிரிட்ஜின் பின்விளிம்பில் ஒரு தாளை நுழைத்துப் பார்ப்பேன். தாள் உள்ளே போனால் பசை விட்டிருக்கிறது என்று அர்த்தம். 4,000 ரூபாய்க்கு எடுத்த கிடாருக்கு பிரிட்ஜ் ஒட்ட, ஃப்ரெட் தீட்ட, கம்பி மாற்ற 2,000 செலவானால், அந்த 2,000ஐ யாரும் திருப்பித் தரமாட்டார்கள். "புதுசே ஏழாயிரத்துக்கு வருதே" என்பார்கள். அவர்கள் கேட்பதும் நியாயம்தான்.

பெரிய பிராண்டு பெயரைப் பார்த்து மயங்குவது தனிக்கதை. கிப்ஸன் என்று எழுதிய கிடாரைக் குறைந்த விலைக்கு ஒருவர் நீட்டினால், தலைப்பகுதியில் ட்ரஸ் ராடை மூடும் சின்னத் தகட்டைப் பாருங்கள். அசல் கிப்ஸனில் அதற்கு வழக்கமாக இரண்டு திருகுதான். மூன்று இருந்தால் வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். இரண்டு இருப்பதாலேயே அது அசல் ஆகிவிடாது என்பதும் உண்மை.

கீபோர்டில் வேறு வகைத் தலைவலி. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, பின்னாலேயே தென்பெண்ணை வெள்ளம் கடலூர்ப் பக்கம் புகுந்த பிறகு, நனைந்து காய்ந்த கீபோர்டுகள் விற்பனைக்கு வந்தன. வெளியே பளபளவென்று துடைத்திருப்பார்கள். அடியிலுள்ள பேட்டரி மூடியைத் திறந்தால் ஸ்பிரிங்கில் பச்சைக் களிம்பு, மூலையில் ஒரு கோடு காய்ந்த சேறு. எல்லாக் கட்டையையும் மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அடித்துக் கேட்க வேண்டும். ஒரே ஒரு கட்டை மட்டும் எப்போதும் சத்தமாக ஒலித்தால் உள்ளேயிருக்கும் ரப்பர் கான்டாக்ட் போயிருக்கும். சுத்தம் செய்தால் சரியாகவும் வாய்ப்புண்டு. அடாப்டர் இல்லாமல் விற்றால் கவனம். பழைய கேசியோ மாடல்கள் பலவற்றில் அடாப்டர் பின்னின் நடுமுனை மைனஸ், யமஹாவில் பிளஸ். சோதிக்கிறேன் என்று பக்கத்து வீட்டு அடாப்டரைச் செருகினால் போர்டு போக வாய்ப்பிருக்கிறது.

வீணையைப் பற்றி யாரும் சொல்லாத ஒன்று. நம் பண்ருட்டிப் பலாமரம் வீணையாகவும் மிருதங்கமாகவும் ஆவது எல்லோருக்கும் தெரியும். கடலூரில் ஒரு பழைய வீட்டில் வீணை பார்க்கப் போனேன். மெழுகு இளகி, அதில் பதித்த 24 மெட்டும் சாய்ந்திருந்தன. மேளம் கட்ட, அதாவது மெட்டுகளை மெழுகில் திரும்பப் பதிக்க, ஆள் வரவழைத்தால் ஆயிற்று, அது பிரச்சினையில்லை. குடத்தின் மேல் பூவேலைப்பாடு மட்டும் பிளாஸ்டிக் மாதிரி இல்லை, மங்கிய மஞ்சளில் மெல்லிய ரேகை ஓடியது. "தந்தம் தம்பி, எங்க மாமியார் காலத்துது" என்றார் அந்த அம்மா, பெருமையாக. வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம், 1972 இருக்கும்போது தந்தத்தை விற்பதும் வாங்குவதும் குற்றம். எத்தனை தலைமுறைச் சொத்து என்றாலும் வியாபாரத்துக்கு ஆகாது. அதை அவருக்கு விளக்கிச் சொல்லி, காபி குடித்துவிட்டு வெறும் கையோடு வந்தேன்.

திருட்டுப் பொருள் பயமும் உண்டு. திருடியது என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 317ஆவது பிரிவு நம் மேல் பாயும். விற்பவருடைய அடையாள அட்டை நகல், சீரியல் எண், கையெழுத்துப் போட்ட ஒரு துண்டுச்சீட்டு, இது மூன்றும் இல்லாமல் நான் பணம் கொடுப்பதில்லை. கிடாருக்குப் பெட்டி எங்கே என்று கேட்டால் முழிப்பவரிடம் இன்னும் யோசிப்பேன்.

நாம் விற்கும்போது ஆன்லைனில் வருகிறவர்களில் சிலர் பொருளைப் பார்க்கவே மாட்டார்கள், பேரம் பேச மாட்டார்கள், உடனே க்யூஆர் கோடு அனுப்பி "ஸ்கேன் பண்ணுங்க, பணம் வந்திடும்" என்பார்கள். ஸ்கேன் செய்தால் யுபிஐ பின் கேட்கும். பின் போடுவது பணம் அனுப்பத்தான், வாங்குவதற்கு அது தேவையே இல்லை. நேரில் வந்து, வாசித்துப் பார்த்து எடுத்துப் போகிறவருக்குத்தான் விற்கிறேன். பார்சலில் அனுப்பினால் கிடார் தலை உடைந்து வரும் பஞ்சாயத்தும் இதனால் மிச்சம்.

விற்பதற்குக் காலமும் பார்க்க வேண்டும். ஜூனில் வகுப்புகள் தொடங்கும்போது கிடார் போகும். கிறிஸ்துமஸுக்கு முன்னால் தேவாலயப் பாடகர் குழுக்கள் கீபோர்டு தேடும். அக்டோபர் பிறந்துவிட்டால் எவ்வளவு மலிவாக வந்தாலும் மரக் கிடார் எடுப்பதில்லை. மழை முடிந்து தை வரைக்கும் அதைக் காப்பாற்றுவதற்குள் மிச்சமாகும் காசு சிலிக்கா ஜெல்லுக்கும் கம்பிக்குமே சரியாகப் போய்விடுகிறது.