காலி மண்டபத்தில் காட்டுகிற வைஃபை ஸ்பீடை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்

கும்பகோணத்தில் ஒரு கல்யாண மண்டபத்தை எடுத்து இரண்டு நாள் புரோகிராமிங் மாநாடு நடத்தினோம். தஞ்சாவூர், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று சுற்றுவட்டாரத்திலிருந்து 170 பேர், பாதிக்கு மேல் கல்லூரிப் பிள்ளைகள். சாப்பாட்டில் குறையில்லை, காபியில் குறையில்லை. மானம் போனது வைஃபையில்.

எட்டு ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் கொடுக்கும் பெட்டி), எல்லாவற்றுக்கும் கேபிள், யுபிஎஸ் என்று வைஃபை போட்டுத் தர வந்த ஆள் வாயால் சொன்னதை எழுதி வாங்காமல் 38,000 ரூபாய்க்குப் பேசி 30,000 கையில் கொடுத்தது என் புத்தி. மாநாட்டுக்கு முந்தின நாள் சாயங்காலம் காலி ஹாலில் நின்று போனை என் முகத்துக்கு நேரே நீட்டி 280 எம்பிபிஎஸ் காட்டினார். "பாத்தீங்களா சார், நீங்க நிம்மதியா தூங்குங்க." நானும் தூங்கினேன். ஒரே ஒரு போன் இருக்கும்போது வீட்டு ரவுட்டர்கூட அப்படித்தான் காட்டும் என்று அப்போது உறைக்கவில்லை.

காலை பத்து மணிக்குப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்ததும் எல்லாரும் லேப்டாப்பைத் திறந்தார்கள், அவ்வளவுதான். சிலருக்கு இணைப்பே கிடைக்கவில்லை, கிடைத்தவர்களுக்குப் பக்கம் திறக்கவில்லை. அவர் ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினால் பத்து நிமிஷம் ஓடும், மறுபடி படுத்துவிடும். கூட்டத்துக்கு வந்திருந்த ஒரு நெட்வொர்க் தம்பி மேடை அலங்காரத்துக்குப் பின்னால் எட்டிப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது: மூன்று வீட்டு ரவுட்டர், அதில் இரண்டு கேபிளே இல்லாமல், இன்னொன்றின் சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டராக ஓடுகின்றன. ரிப்பீட்டர் வாங்குவதும் கொடுப்பதும் ஒரே அலைவரிசையில் என்பதால் வேகம் பாதியாகிவிடும். மூன்றுமே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அதுவும் அதற்குள் ஒரே சேனலில் (அலைவரிசைக்குள் பிரித்த ஒரு பாதை மாதிரி). அந்த அலைவரிசையில் ஒன்றோடொன்று மோதாமல் ஓடக்கூடியவை 1, 6, 11 என்று மூன்று சேனல்தான், அதைக்கூடப் பிரித்து வைக்கவில்லை. போதாததற்கு ஹால் நிறைய ஆட்கள். மனித உடம்பு அந்த சிக்னலை நன்றாகவே உறிஞ்சிவிடும்.

இன்னொரு கூத்து, ஐபி முகவரி, அதாவது உள்ளே வரும் ஒவ்வொரு கருவிக்கும் ரவுட்டர் கொடுக்கும் எண். ரவுட்டரில் இருந்த 254 முகவரி ஆளுக்கு ஒரு போன், ஒரு லேப்டாப் என்றாலே போதாது. பாஸ்வேர்டை வாசலில் பெரிதாக எழுதி ஒட்டியிருந்ததால் பந்தி பரிமாறியவர்கள் போனும் உள்ளே வந்துவிட்டது (அவர்களைக் குறை சொல்லவில்லை, ஒட்டியது நான்தான்). ஒருமுறை கொடுத்த முகவரி 24 மணி நேரத்துக்குத் திரும்பாது என்று வேறு வைத்திருந்தார். மத்தியானம் கரண்ட் போய் ஜெனரேட்டர் உடனே எடுத்துக்கொண்டது, ஆனால் சொன்ன யுபிஎஸ் இல்லாததால் எல்லாம் அணைந்து திரும்ப எழ ஐந்து நிமிஷம்.

கேட்டதற்கு, "ஆளுக்கு ரெண்டு கருவி கொண்டு வந்தா நான் என்ன சார் பண்றது?"

நீங்கள் நடத்துவதாக இருந்தால் எத்தனை ஆக்சஸ் பாயின்ட், என்ன மாடல் என்று எழுதி வாங்குங்கள், ஒன்றுக்கு 40 கருவிக்கு மேல் கணக்குப் போடாதீர்கள், எல்லாவற்றுக்கும் கேபிள் இழுக்கச் சொல்லுங்கள், 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் சேனலுக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அகலம் போதும், முகவரி குறைந்தது ஆயிரம் இருக்கட்டும், ஒரு மணி நேரத்தில் திரும்பட்டும். பயிற்சிக்கான ஃபைல்களை முன்கூட்டியே பென்டிரைவில் போட்டு வையுங்கள். எங்கள் இரண்டாம் நாளைக் காப்பாற்றியது நான்கு பென்டிரைவ்தான்.

அட்வான்ஸ் திரும்பி வரவில்லை. நேற்றுகூட போன் பண்ணினார்: "மீதி எட்டாயிரம் எப்போ சார்?"