லே, கேங்டாக், காசிரங்கா என்று திட்டம் போட்டுக் கொடுத்து 2,18,400 ரூபாயைச் சுருட்டிய கதை: எச்சரிக்கைப் பதிவு

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்பதற்காகவே இதை இன்றைக்கு எழுதுகிறேன். எல்லா ஏற்பாடுகளையும் வாட்ஸ்அப் வழியாகவே முடித்துத் தருவதாகச் சொல்லும் ஓர் இணையப் பயண நிறுவனம், மே மாதக் கடைசியில் லடாக், சிக்கிம், அசாம் மூன்றையும் இணைத்து எங்கள் குடும்பத்தினர் நால்வரையும் அழைத்துச் செல்வதாகக் கூறி 2,18,400 ரூபாயைப் பெற்றுக்கொண்டது. புறப்பட ஒரு வாரமே இருந்த நிலையில் எங்கள் கையில் விமானச் சீட்டும் இல்லை, தங்கும் அறையும் இல்லை, பணமும் இல்லை. புகார் விசாரணையில் இருப்பதால் பெயரைச் சொல்லவில்லை. நடந்த விதத்தைச் சொல்கிறேன். இதே ஆட்கள் வேறு பெயரில் வந்தாலும் அடையாளம் கண்டுகொள்ள அது உதவும்.

இப்படியொரு பயணத்துக்கு முகவர் எதற்கு என்று கேட்பவர்கள் ஒருமுறை இந்திய வரைபடத்தை விரித்துப் பார்க்கட்டும். லே வடக்கு மூலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காசிரங்காவோ வடகிழக்கில் பிரம்மபுத்திராவின் வெள்ளச் சமவெளியில் கிடக்கிறது. இடையில் தில்லிக்குத் திரும்பி, மேற்கு வங்கத்தின் பாக்டோக்ரா விமான நிலையத்தில் இறங்கி, மலைப்பாதையில் கேங்டாக் ஏறி, மீண்டும் இறங்கி குவாஹாட்டி செல்ல வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் பருவம், தனித்தனி அனுமதி விதி. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்குள் இத்தனையையும் பொருத்துவதற்கு விவரம் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று நினைத்தோம்.

விவரம் தெரிந்தவராகத்தான் அந்த நிறுவனத்தின் முகவர் பேசினார். முதல் அழைப்பிலேயே விலையைப் பேசாமல், "உங்களோடு வருகிற பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், மூச்சுத் திணறல் ஏதாவது உண்டா மேடம்?" என்று கேட்டார். என் மாமியாருக்கு இரத்த அழுத்தம் உண்டு என்றதும், லேயில் இறங்கிய முதல் இரண்டு நாள் எங்கும் போகக் கூடாது, உடல் அந்த உயரத்துக்குப் பழகிய பிறகுதான் பாங்காங் ஏரியைப் பற்றியே நினைக்க வேண்டும், 5,000 மீட்டரைத் தாண்டும் கர்துங் லா கணவாயை அவருக்காகவே தவிர்த்துவிடலாம் என்று வரிசையாகச் சொன்னார். மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதையேதான் சொன்னார். அதோடு, நாங்கள் ஆசைப்பட்டுக் கேட்ட ஜெய்சால்மரை, மே மாத வெயிலில் பாலைவனம் வேண்டாம் என்று முகவர் தாமாகவே நீக்கினார். வருகிற வருமானத்தை வேண்டாம் என்று சொல்பவர் ஏமாற்றமாட்டார் என்று என் கணவர் சொன்னார். வீட்டில் எல்லோரும் அதை ஒப்புக்கொண்டோம்.

சலுகைக் கட்டணம் அன்றிரவோடு முடிகிறது என்று சொல்லி, கடன் அட்டையில் 60,000 ரூபாயும், வங்கி மாற்றமாக இரண்டு தவணைகளில் 1,58,400 ரூபாயும் வாங்கினார்கள். வங்கி மாற்றம் போனது நிறுவனக் கணக்குக்கு அல்ல, ஒரு தனிநபர் கணக்குக்கு. கேட்டபோது அவர் தங்கள் கணக்காளர் என்றார்கள். மொத்தமும் சேர்ந்த பிறகே நாள்வாரி நிகழ்ச்சி நிரல் வந்தது. அதில் சிக்கிமின் சீன எல்லையிலுள்ள நாதுலா கணவாய்க்குச் செவ்வாய்க்கிழமை குறித்திருந்தார்கள். திங்களும் செவ்வாயும் அங்கே சுற்றுலாப் பயணிகளை விடுவதில்லை. காசிரங்காவிலோ, மழைக்காலத்துக்காகப் பூங்கா வழக்கமாக மூடியிருக்கும் மே கடைசி வாரத்தில் காண்டாமிருகம் பார்க்க ஜீப் சவாரி போட்டிருந்தார்கள். சுட்டிக்காட்டியதும் தட்டச்சுப் பிழை என்று மன்னிப்புக் கேட்டு, நிமிடங்களில் வேறொரு பட்டியலை அனுப்பினார்கள். உயரத்தைப் பற்றி அவ்வளவு துல்லியமாகப் பேசிய மனிதருக்குக் கிழமை தெரியாமல் போனது எனக்கு உறுத்தியது.

விமானச் சீட்டு என்று அவர்கள் அனுப்பியது ஒரு பிஎன்ஆர் எண் மட்டுமே. விமான நிறுவனத்தின் தளத்தில் அதை இட்டுப் பார்த்தால் எங்கள் நால்வரின் பெயரும் தெரிந்தது, எனவே நிம்மதியாக இருந்தோம். சில நாட்கள் கழித்து அதே எண்ணைப் போட்டால் எதுவுமே வரவில்லை. அழைப்பு மையத்தில் பேசிய பெண், அந்த இருக்கைகள் பணம் கட்டாமல் பிடித்து வைக்கப்பட்டவை, கெடு முடிந்ததும் தாமாகவே ரத்தாகிவிட்டன என்று விளக்கினார். விடுதிகளிலும் இதே வேலைதான். தங்கும்போது பணம் கொடுத்தால் போதும், ரத்துக்குக் கட்டணம் இல்லை என்ற வகையில் அறையைப் பதிந்து, வவுச்சரை எங்களுக்கு அனுப்பிவிட்டு, பிறகு ஓசையில்லாமல் ரத்து செய்திருக்கிறார்கள். ஆக, 2,18,400 ரூபாயில் ஒரு ரூபாய்கூட எந்த விமானத்துக்கும் எந்த விடுதிக்கும் போகவில்லை.

அதன் பிறகு கிடைத்த பதில்களை நினைத்தால்தான் வயிறு எரிகிறது. முதலில் சர்வர் கோளாறு. அடுத்து, குழுக் கட்டணம் என்பதால் சீட்டு கடைசி நேரத்தில்தான் வரும் என்றார்கள். பிறகு மேலாளர் பேசுவார் என்றார்கள். மேலாளர் என்று பேசியவரின் குரல் முதலில் பேசியவரின் குரலாகவே இருந்தது. கடைசியாக, டீஸ்டா ஆற்றங்கரைச் சாலையில் மண்சரிவு, இயற்கைச் சீற்றத்துக்குப் பணம் திருப்பித் தரப்படாது, வேண்டுமானால் அடுத்த ஆண்டு பயன்படுத்திக்கொள்ளக் கடன் குறிப்பு தருகிறோம் என்று ஒரு செய்தி வந்தது. சிக்கிமில் சாலை சரிந்தால் லடாக் விமானம் எப்படி ரத்தாகும் என்று கேட்டேன். பதில் இல்லை, எண்ணை முடக்கிவிட்டார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் ஏதாவது ஒரு மூலையில் எந்த நாளும் மழையோ பனியோ மண்சரிவோ இருக்கத்தான் செய்யும். அதை நேரில் போய்ச் சரிபார்க்க நம்மால் முடியாது என்பதை வைத்தே இவர்கள் பிழைக்கிறார்கள்.

விரிவாக ஆலோசனை எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமையில்லை. பிஎன்ஆரில் பெயர் தெரிவதை நம்பாதீர்கள், கட்டணம் முழுமையாகச் செலுத்தப்பட்டுவிட்டதா என்று விமான நிறுவனத்திடமே கேளுங்கள். விடுதியின் எண்ணை நீங்களே தேடி எடுத்து, பணம் போய்ச் சேர்ந்ததா என்று விசாரியுங்கள். புறப்படுவதற்கு முன் இன்னொரு முறையும் விசாரியுங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். அனுப்பிவிட்டால் உடனே 1930 எண்ணில் இணையக் குற்றப் புகாரும், 1915 எண்ணில் நுகர்வோர் புகாரும் பதியுங்கள். ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் கட்டணம் கிடையாது. அட்டையில் போன 60,000 ரூபாய்க்கு வங்கி விசாரணை தொடங்கியிருக்கிறது. மீதி 1,58,400 ரூபாய் சென்ற கணக்கில் இப்போது இருப்பு எதுவும் இல்லை என்று இன்று காலைதான் சொன்னார்கள்.