கோலத் தட்டு அச்சிடும் எண்டர் 3: ஒரு ஃபிட்டரின் மதிப்புரை

வீட்டிலிருந்தே சிறு தொழில் செய்ய முப்பரிமாண அச்சு இயந்திரம் வாங்கலாமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என்னிடம் இருப்பது எண்டர் 3. சீனாவின் ஷென்சென் நகரத்து கிரியாலிட்டி நிறுவனம் 2018இல் வெளியிட்டது. படிப்பை முடித்துவிட்டு ஊருக்குக் கிளம்பிய ஒரு பொறியியல் மாணவரிடம் எட்டாயிரம் ரூபாய்க்குப் பழையதாக வாங்கினேன். திருவெறும்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், முன்பு தையல் இயந்திரம் இருந்த மூலையில் இப்போது இது ஓடுகிறது. செய்வது பெரும்பாலும் கோலத் தட்டுகள். கோலம் வரைவது என் மனைவி, அச்சிடுவது நான். ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால் ஸ்பேனர் வாசனை கொஞ்சம் அடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தைப் பற்றி முதலில். அலுமினியச் சட்டம், 24 வோல்ட் மின்வழங்கி, கீழே சூடாகும் தளம். 1.75 மில்லிமீட்டர் தடிமனுள்ள பிளாஸ்டிக் கம்பியை (இதைத்தான் பிலமென்ட் என்பார்கள்) இழுத்து, 200 டிகிரி அளவில் உருக்கி, 0.4 மில்லிமீட்டர் துளையுள்ள பித்தளை நாசில் வழியாக அடுக்கடுக்காகப் படிய வைக்கிறது. நீளம், அகலம் 220 மில்லிமீட்டர், உயரம் 250 மில்லிமீட்டர் வரை ஒரு பொருளைச் செய்யலாம். கணினியோடு இணைக்க வேண்டியதில்லை. சின்ன மெமரி கார்டில் கோப்பைப் போட்டு, திருகு பொத்தானைச் சுழற்றித் தேர்ந்தெடுத்தால் வேலையைத் தொடங்கிவிடும். புதிதாக வாங்கினாலும் பெட்டியிலிருந்து முழு உருவில் வராது. பாதியை நாம்தான் பூட்ட வேண்டும். எனக்கு அது விருந்து. ஆலன் கீ பிடித்துப் பழகாதவர்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஆனால் வீட்டுத் தொழிலுக்கு இதை நான் சிபாரிசு செய்வதற்கு இதன் வேகமோ நேர்த்தியோ காரணமில்லை. இரண்டிலும் இதை மிஞ்சியவை இன்று நிறைய இருக்கின்றன. காரணம், இதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது என்பதுதான்.

இந்த வகை அச்சுமுறைக்கு ஸ்காட் கிரம்ப் என்ற அமெரிக்கர் 1989இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். அந்தக் காப்புரிமை 2009இல் காலாவதியாகும் வரை இத்தகைய இயந்திரங்கள் பெரிய நிறுவனங்களின் சொத்தாகவே இருந்தன. இதற்கிடையில் 2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 'ரெப்ராப்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். தன் பிளாஸ்டிக் பாகங்களைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரம் ஒன்றைச் செய்து, வரைபடங்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவதுதான் திட்டம். 2008இல் முதல் இயந்திரம் தன்னைப் போல இன்னொன்றுக்கு வேண்டிய பாகங்களை அச்சிட்டது. உறைமோர் வாங்கித் தோய்ப்பதைப் போலத்தான் அதன் பிறகு இது பரவியது. செக் நாட்டின் யோசஃப் புருசா அதை எளிமையாக்கினார். மார்லின் என்ற இயக்கு நிரலைப் பலர் சேர்ந்து எழுதினார்கள். எண்டர் 3 அந்த வம்சத்தில் வந்தது. அதன் வரைபடங்களையும் நிரலையும் கிரியாலிட்டி 2018இலேயே வெளியிட்டது. மார்லினின் உரிமம், நிரலை எடுத்துப் பயன்படுத்தி விற்பவர் மூலநிரலையும் தர வேண்டும் என்று கட்டாயப்படுத்துகிறது. எல்லோரும் அப்படியே நீடித்துவிடவில்லை. இதே மரபில் வளர்ந்த மேக்கர்பாட் நிறுவனம் 2012இல் தன் புதிய இயந்திரத்தின் வடிவமைப்பைப் பூட்டிக்கொண்டது. அதை வளர்த்தெடுத்தவர்களே கொதித்துப்போனார்கள்.

திறந்திருப்பதால் திருவெறும்பூரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு என்ன லாபம்? நாசில் தேய்ந்தால் எந்தக் கடையிலும் ஐம்பது ரூபாய்க்குள் கிடைக்கிறது. சக்கரம், பெல்ட், மோட்டார், விசிறி எல்லாம் பொது அளவுகள். விசிறிக் கூடு வேண்டுமானால் யாரோ ஒருவர் முன்பே வரைந்து வைத்திருக்கிறார். அதை இந்த இயந்திரத்திலேயே அச்சிட்டு இதற்கே பூட்டிக்கொள்ளலாம். 'சர்வீஸ் சென்டருக்கு அனுப்புங்கள்' என்ற வார்த்தையை இதுவரை நான் கேட்கவில்லை. மார்கழி பிறப்பதற்கு முந்தைய வாரம் இயந்திரம் படுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பது தொழில் செய்கிறவனுக்குத்தான் தெரியும்.

பழையது வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. தொடக்க காலத்தில் வந்த எண்டர் 3களில் வெப்பக் கட்டுப்பாடு தவறினால் தானாக நிறுத்தும் பாதுகாப்பு, நிரலில் இயக்கப்படாமலே வந்தது. சூட்டை அளக்கும் சென்சார் கழன்று விழுந்தாலும் ஹீட்டர் ஓடிக்கொண்டே இருக்கும். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு. பயன்படுத்தியவர்கள் சோதித்து இதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். நிரல் பொதுவில் இருந்ததால் திருத்தமும் பொதுவிலேயே கிடைக்கிறது. புதிய மார்லினை ஏற்றினால் போதும். ஆனால் பழைய இயந்திரத்தின் மின்னணுப் பலகையில் நிரல் ஏற்றும் வசதி நேரடியாகக் கிடையாது. ஆர்டுயினோ என்ற சிறு மின்னணுப் பலகை ஒன்றை இடையில் வைத்து ஏற்ற வேண்டும். எங்கள் தெருவிலுள்ள பாலிடெக்னிக் மாணவர் ஒரு மாலைப் பொழுதில் செய்து கொடுத்தார்; கூலியாகத் தன் பைக்குக்கு ஒரு போன் தாங்கி கேட்டு வாங்கிக்கொண்டார்.

இனி கோலத் தட்டு. பூக்கோலத்துக்கு அச்சு வெட்டுவது எளிது. சிக்குக் கோலம் அப்படியில்லை. 7 புள்ளி, 4 முடிய, இடுக்குப் புள்ளி வைத்து ஒரு கோலம் எடுத்துக்கொள்ளுங்கள். கோடு புள்ளியைச் சுற்றி வளைந்து தன்னோடு வந்து சேர்ந்துவிடும். அந்தக் கோட்டைத் தட்டில் பிளவாக வெட்டினால் உள்ளே இருக்கும் துண்டுகளெல்லாம் பிடிமானமின்றி உதிர்ந்துவிடும். நடுநடுவே பாலம் விட்டால் தரையில் கோடு அறுந்து அறுந்து விழும். "இது கோலமா, தந்தியா?" என்று என் மனைவி கேட்டாள். வழி, கோட்டின் மேல் வரிசையாகத் துளை போடுவதுதான். கடையில் விற்கும் தட்டுகளும் அப்படித்தான் இருக்கின்றன. ஆனால் துளையின் அளவில்தான் வித்தை. ஒன்றரை மில்லிமீட்டர் துளையில் கல்பொடி இறங்கும், ஈரம் பட்ட அரிசி மாவு அடைத்துக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர் போட்டால் கோடு தடித்துப் பூசணிக்கொடி மாதிரி ஆகிவிடும்.

இந்தத் தட்டின் கோப்பை அப்படியே இணையத்தில் பொதுவாகப் போட்டுவிட்டோம். போட வேண்டாம், எல்லோரும் செய்துவிடுவார்கள் என்று என் மைத்துனர் தடுத்தார். சில வாரங்களில் பினாங்கிலிருந்து ஒரு பெண்மணி அதைத் திருத்தி அனுப்பினார். துளை மேலே இரண்டு மில்லிமீட்டர், கீழே போகப் போக விரிந்து மூன்று. அடைப்பு நின்றது, கோடும் மெலிதாகவே விழுகிறது. எங்களுக்குத் தோன்றவே இல்லை. மைத்துனர் வீட்டிலும் அந்தத் தட்டில்தான் இப்போது பொங்கலுக்குக் கோலம் போடுகிறார்கள். எங்கள் கோப்பை வைத்துச் சேலத்தில் யாரோ விற்கிறாராம். விற்கட்டும். வாசல்களுக்கா பஞ்சம்?

எடுப்பதற்கும் முறை உண்டு, இதைப் பலர் கவனிப்பதில்லை. இலவசமாகக் கிடைக்கும் வடிவங்களெல்லாம் விற்பனைக்கு உரியவை அல்ல. திங்கிவர்ஸ், பிரிண்டபிள்ஸ் போன்ற தளங்களில் ஒவ்வொரு வடிவத்துக்கும் கீழே உரிமம் எழுதியிருக்கும். படைப்பைப் பிறர் சில நிபந்தனைகளோடு பயன்படுத்த விடும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களில் சில, வரைந்தவர் பெயரைச் சொன்னால் விற்க அனுமதிக்கின்றன. 'வணிகமல்லாத பயன்பாடு' என்றிருந்தால் வீட்டில் செய்து கொள்ளலாம், காசுக்குக் கொடுக்கக் கூடாது. சந்தையில் விற்கும் பிள்ளையார் பொம்மைகளில் எத்தனை இந்த வரியைத் தாண்டி வந்தவை என்று எனக்குச் சந்தேகம் உண்டு. தமிழ்ப் பெயர் பொறிக்கும்போது எழுத்துருவுக்கும் இதே கவனம் வேண்டும். நாங்கள் மீரா இனிமை, பாலூ தம்பி இரண்டையும் பயன்படுத்துகிறோம். இரண்டும் திறந்த உரிமத்தில் வந்தவை, அவற்றால் செய்த பொருளை விற்கத் தடையில்லை.

கணக்கு கேட்பீர்கள். 200 மில்லிமீட்டர் சதுரத் தட்டு, இரண்டு மில்லிமீட்டர் தடிமன்: ஏறக்குறைய நூறு கிராம் பிலமென்ட், அதாவது நூறு ரூபாய். நேரம் ஐந்தாறு மணி. மின்சாரம் ஒரு யூனிட்டுக்கும் குறைவு. ஒரு நாளைக்கு மூன்று தட்டுக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள். கடைவீதியில் சாதாரணப் பிளாஸ்டிக் தட்டு ஐம்பது ரூபாய்க்குக் கிடைக்கும்போது அதோடு போட்டி போடுவது வீண் வேலை. கடைவீதியில் கிடைக்காததைச் செய்தால்தான் பிழைக்கலாம். 'எங்கள் பாட்டி போட்ட கோலம், நோட்டில் இருக்கிறது, தட்டாகச் செய்து தர முடியுமா?' என்று கேட்டு வருபவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். மணமக்கள் பெயரோடு கேட்பவர்களும் உண்டு. தட்டு 350 ரூபாய். பெரிய கோலமென்றால் நான்கு துண்டாக அச்சிட்டு, பல்லோடு பல் கோத்துக்கொள்ளும்படி செய்கிறேன். விலையும் நான்கு மடங்கு.

சில வேலைகளை மறுத்துவிடுகிறேன். முறுக்கு அச்சு கேட்டு வருகிறார்கள். அடுக்குகளுக்கு இடையே இருக்கும் வரிப்பள்ளத்தில் மாவு தங்கும், கழுவிப் போகாது. சுடுநீரும் ஊற்ற முடியாது, ஏனென்றால் நான் அச்சிடும் பி.எல்.ஏ. என்ற வகைப் பிளாஸ்டிக் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகத் தொடங்கும். அதே காரணத்தால் காரின் முகப்பில் வைக்கும் சாமி பொம்மையும் கிடையாது. திருச்சி வெயிலில் நிறுத்திய காருக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கேஸ் அடுப்புக் குமிழுக்கும் இதே பதில்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். தளத்தை மட்டம் பார்ப்பது முழுக்கக் கையால்தான். நான்கு மூலையிலும் ஒரு காகிதத்தை நுழைத்து நுழைத்துத் திருக வேண்டும். மின்சாரம் போய் வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும் என்பது உண்மைதான். ஆனால் அதற்குள் தளம் ஆறிப் பொருள் பெயர்ந்துவிட்டால் தொடர்ந்து பயனில்லை, இன்வெர்ட்டரில் மாட்டுங்கள். பிலமென்ட்டைத் தள்ளும் மோட்டார் நாசிலிலிருந்து தள்ளி இருப்பதால் ரப்பர் போல வளையும் பிலமென்ட்டுக்கு இது லாயக்கில்லை. சத்தமும் உண்டு. இரவில் கூடத்தில் படுப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பெட்டியைத் திறந்ததும் பொத்தானை அழுத்தி வேலை நடக்க வேண்டும் என்பவர்கள் தயவுசெய்து வேறு வாங்குங்கள்.

பழையது வாங்கப் போகிறவர்கள் நாசிலைப் பார்க்காதீர்கள், அது ஐம்பது ரூபாய். தளத்தை முன்னும் பின்னும் தள்ளிப் பாருங்கள். எங்காவது தடக் தடக்கென்று தட்டினால் சக்கரம் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது என்று பொருள். சக்கரம் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். இலேசாக ஆடினால் பயப்பட வேண்டாம். சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் எக்ஸென்ட்ரிக் நட்டைக் கால் சுற்று திருப்பினால் இறுகிவிடும். விற்பவருக்கு அது தெரிந்திருக்காவிட்டால் இன்னும் ஐந்நூறு குறைத்துக் கேட்கலாம்.