கூகுள் டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ்: எது யாருக்கு?

மூன்றும் ஃபைல்களை இணையத்தில் சேமித்து வைக்கும் சேவைகள். இலவசமாக எத்தனை ஜிபி என்று பார்த்தால் கூகுள் டிரைவ் 15, ஒன்டிரைவ் 5, டிராப்பாக்ஸ் 2. ஆனால் கூகுளின் 15 ஜிபியில் ஜிமெயிலுக்கும் கூகுள் போட்டோஸுக்கும் பங்கு உண்டு. படங்கள் சேர்ந்து இடம் நிறைந்துவிட்டால் புது மெயில் வருவதே நின்றுபோகும். வேலைக்கான பதிலை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு இது சின்ன விஷயமில்லை.

டிராப்பாக்ஸின் இலவசக் கணக்கு போன், கணினி என 3 கருவிகளோடு நின்றுவிடும். இடமும் குறைவு. ஆனாலும் ஃபைல்களை ஒத்திசைப்பதில், அதாவது எல்லாக் கருவிகளிலும் ஒரே மாதிரி வைத்திருப்பதில், அது பழம் தின்று கொட்டை போட்டது. பெரிய ஃபைலில் சிறு திருத்தம் செய்தால் மாறிய பகுதி மட்டுமே மேலே போகும். ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் கணினிகள் தங்களுக்குள்ளேயே ஃபைலைப் பரிமாறிக்கொள்ளும். வீடியோ, டிசைன் வேலை செய்பவர்கள் காசு கொடுத்தே வாங்கலாம்.

வேர்டும் எக்செலும்தான் தினசரி வேலை என்றால் யோசிக்கவே வேண்டாம், மைக்ரோசாஃப்டின் ஒன்டிரைவ்தான். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பத் திட்டத்தில் 6 பேர் வரை சேரலாம். ஆளுக்கு 1 டிபி.

ரகசியம்தான் முக்கியம் என்பவர்களுக்கு மெகா, புரோட்டான் டிரைவ் இருக்கின்றன. ஃபைல்கள் பூட்டப்பட்டே சேமிக்கப்படும். பூட்டின் சாவி உங்களிடமே இருக்கும், நிறுவனத்தால் திறந்து பார்க்க முடியாது. பாஸ்வேர்டையும் மீட்புச் சாவியையும் சேர்த்துத் தொலைத்தால் ஃபைல்களும் போயின.

எதை எடுத்தாலும் ஒன்றை மறக்க வேண்டாம்: ஒத்திசைவு வேறு, பேக்கப் வேறு. லேப்டாப்பில் அழித்தது போனிலும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டி 30 நாள்தான் காத்திருக்கும். முக்கியமானவற்றுக்கு வெளி ஹார்ட் டிஸ்கில் இன்னொரு பிரதி கட்டாயம்.

சரி, குழுவுக்கு எது? இங்கே ஜிபியைவிட, ஃபைலின் உரிமை யாரிடம் என்பதுதான் பெரிய கேள்வி. தனிநபர் கூகுள் கணக்கில் உருவாக்கிய ஃபைல், எத்தனை பேரோடு பகிர்ந்தாலும், உருவாக்கியவருக்கே சொந்தம். அவர் விலகிப்போய்க் கணக்கை அழித்தால் குழுவின் உழைப்பும் கூடவே போகும். பல சிறு குழுக்கள் இப்படித்தான் ஓடிக்கொண்டிருக்கின்றன, எனக்கு இது உண்மையிலேயே கவலை தருகிறது. நிறுவனங்களுக்கான கூகுள் வொர்க்ஸ்பேஸில் ‘ஷேர்டு டிரைவ்’ வசதியுள்ள திட்டத்தை எடுத்தால் ஃபைல்கள் நிறுவனத்தின் பேரில் இருக்கும். மைக்ரோசாஃப்ட் பக்கம் அதற்கு ஷேர்பாயின்ட். அங்கேயும் பொதுக் கோப்புகளை ஒருவருடைய ஒன்டிரைவில் போட்டு வைக்காதீர்கள்.