நிலாவெளி வீதிக் கொமினிகேஷன் கடை: ஆய்வேடு அச்சிடப் போகிறவர்களுக்கு

திருகோணமலை நகரிலிருந்து நிலாவெளிக்குப் போகும் வீதியில், உப்புவெளிக்கு முன்பாக உள்ள இந்தக் கொமினிகேஷன் கடையை நான் நெடுநாளாகப் பயன்படுத்தி வருகிறேன். நான் கற்பிக்கும் பல்கலைக்கழகம் வேறு மாவட்டத்தில் இருக்கிறது. எனினும் விடுமுறைக்கு ஊர் வரும்போது பாடக்குறிப்புகளையும் கட்டுரைகளையும் இங்கேதான் அச்சிடக் கொடுக்கிறேன். பருவ இறுதியில் கடைக்குப் போனால் யாழ்ப்பாணம், வந்தாறுமூலை, ஒலுவில், பேராதனை என்று பல இடங்களில் படிக்கும் கிண்ணியா, மூதூர், தம்பலகாமத்துப் பிள்ளைகள் பென் டிரைவுடன் வரிசையில் நிற்பதைக் காணலாம்.

முதலில் வேலையின் தரம். கறுப்பு வெள்ளை அச்சு தெளிவாக இருக்கிறது. இயந்திரம் சூடேறியதும் பல கடைகளில் விழும் சாம்பல் நிறக் கோடு இங்கே விழுவதில்லை. தமிழ்க் கோப்புகளைக் கையாள்வதில் உரிமையாளருக்கு உள்ள பழக்கம் தனியே குறிப்பிடத்தக்கது. பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்ட கோப்பு, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். அவர் பாமினியையும் வைத்திருக்கிறார். கேட்டால் எந்தக் கணினியிலும் வாசிக்கக்கூடிய யுனிகோடுக்கு மாற்றியும் தருகிறார், ஆனால் மாற்றிய பின் மாணவரைப் பக்கத்தில் இருத்தி ஒருமுறை வாசிக்கச் செய்யாமல் அச்சிடுவதில்லை. கட்டுவதற்கு முன் இடப்பக்க ஓரத்தை அடிமட்டம் வைத்து அளந்து பார்க்கிறார். ஒரு மாணவியின் அட்டவணையின் கடைசி நிரல் தையலுக்குள் போய்விடும் என்று கண்டு, "தங்கச்சி, இதைக் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளிப்போட்டு வாங்க, இல்லாட்டி இலக்கம் தெரியாது" என்று கோப்பைத் திருப்பிக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அட்டவணையை அதற்கு முன் ஒரு மேற்பார்வையாளரும் பார்த்திருக்க வேண்டும்.

விலைகள் சுவரில் ஒட்டப்பட்டுள்ளன: கறுப்பு வெள்ளைப் பக்கம் 10 ரூபா, வண்ணப் பக்கம் 40 ரூபா, ஸ்பைரல் 200 ரூபா, பொன்னெழுத்துடன் கடின அட்டை 900 ரூபா. மொத்தத் தொகையை அவர் வேலையைத் தொடங்கும் முன்பே, வீணான தாளின் பின்புறத்தில் எழுதிக் காட்டுகிறார். அப்படியொரு தாளை நான் வாங்கிப் பார்த்தேன். 80 பக்க ஆய்வேடு, அதில் 15 பக்கம் வண்ணம், மூன்று பிரதிகள். கறுப்பு வெள்ளைக்கு 1,950, வண்ணத்துக்கு 1,800, அட்டைக்கு 2,700. வாய்மொழிப் பரீட்சைக்கு முன் கொடுக்க வேண்டிய இரண்டு வரைவுப் பிரதிகளுக்கு, முழுவதும் கறுப்பு வெள்ளையில், ஸ்பைரலோடு சேர்த்து, 2,000. ஆக 8,450 ரூபா. 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலப் புலமைப்பரிசிலின் மாதத் தவணை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டபோதும், அந்த ஒரு மாதத் தவணை முழுவதையும் இந்த ஒரு வேலை விழுங்கி, மேலும் கேட்டது. தவணை பிந்தி வரும் மாதத்தில் அந்தப் பிள்ளை யாரிடம் கடன் வாங்குகிறது என்பதைக் கடைக்காரர் அறிவார். அவருடைய கடன் கொப்பியில் மாணவர் பெயர்கள் நிறையவே உள்ளன.

இந்தத் தொகைக்குக் கடைக்காரரைக் குறை கூற இடமில்லை. 2022இல் தாள் இறக்குமதி தடைப்பட்டு, மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகளே பிற்போடப்பட்டன. அதன் பின் தாளும் டோனரும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. அவர் என்னிடம் கேட்ட கேள்வி வேறு: "சேர், ஒரு பக்கத்தில மட்டும்தான் அடிக்க வேணும் எண்டு சொல்றது ஆர்?" சொல்வது நாங்கள்தான். ஒரு பக்க அச்சு, ஒன்றரை வரி இடைவெளி, மூன்று பிரதி என்பவை எங்கள் பீடத்தின் விதிகள். இரு பக்க அச்சையும், நூலகத்துக்கு மின்பிரதி மட்டும் போதும் என்பதையும் நான் எழுத்தில் முன்மொழிந்தேன். அது பீடச் சபையிலிருந்து உபகுழுவுக்குப் போனது, உபகுழுவிலிருந்து, கல்வி விடயங்களை முடிவு செய்யும் மூதவைக்குப் போக வேண்டும்; இதுவரை போகவில்லை. அடுத்த தொகுதி மாணவர்களும் ஒரு பக்கத்திலேயே அச்சிட்டார்கள்.

எங்கள் துறையில் ஓர் அச்சு இயந்திரம் உண்டு. டோனர் தீர்ந்தால் கோரிக்கைப் படிவம், மூன்று விலைமனுக்கள், பெறுகைக் குழுவின் அனுமதி, நிதியாளரின் ஒப்பம் என்று கோப்பு நடக்கத் தொடங்கும். அது திரும்பி வருவதற்குள் பருவம் முடிந்துவிடும். இந்தக் கடையில் டோனர் மாற்றுவது ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் முடிகிறது. பொதுப் பணத்துக்குக் கணக்கு வேண்டும் என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் கணக்குக் காட்டுவதற்காகவே ஒரு நிறுவனம் இயங்கத் தொடங்கினால், செலவு மறைவதில்லை, மாணவரின் சட்டைப்பைக்கு இடம் மாறுகிறது.

இதைத் தனியொரு நிருவாகியின் சோம்பல் என்று தள்ளிவிடவும் முடியாது; பல்கலைக்கழகத்தின் அதிகாரமும் பணமும் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருகின்றன. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தின்படி, பல்கலைக்கழகத்தை நிருவகிக்கும் பேரவையில் உள்ளிருந்து வரும் உறுப்பினர்களை விட ஒருவர் கூடுதலாக, பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு நியமிக்கும் வெளியார் இருப்பர். பேரவை பரிந்துரைக்கும் மூவரிலிருந்து துணைவேந்தரைச் சனாதிபதி நியமிப்பார். பணம் திறைசேரியிலிருந்து வருகிறது, அதில் பெரும்பகுதி சம்பளத்துக்கும் படிகளுக்கும் போகிறது. 2012இல் விரிவுரையாளர்கள் மூன்று மாதங்களுக்கு மேல் வேலைநிறுத்தம் செய்து, கல்விக்கு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் வேண்டும் என்று கேட்டார்கள். அரசின் ஒதுக்கீடு அதன் பாதியைக்கூட எட்டவில்லை. இந்தப் பெரிய கணக்குகளின் அடியில் 8,450 ரூபாவுக்கு எந்தக் கணக்கேட்டிலும் ஒரு பதிவுகூடக் கிடையாது. கட்டணம் அறவிடாத இலவசக் கல்வி என்பதால், மாணவர் வெளியே செலவழிப்பதை எவரும் கூட்டிப் பார்ப்பதில்லை.

கடையின் குறைகளையும் சொல்ல வேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் வேலை நிற்கும். மாற்று ஏற்பாடு இல்லை. வட்ஸ்அப்பில் அனுப்பும் கோப்புகள் கணினித் திரையில் அப்படியே கிடக்கின்றன, அடுத்தவர் வேறொருவரின் ஆய்வேட்டைத் திறந்து பார்க்கலாம். அந்தக் காரணத்தால் வினாத்தாள்களை நான் அங்கே கொண்டுபோவதில்லை. நீங்களும் உங்கள் கோப்பை அழிக்கச் சொல்லி, அழிப்பதைப் பார்த்துவிட்டு வெளியேறுங்கள். தமிழில் பொன்னெழுத்து வேண்டுமானால் அட்டை வெளியூருக்குப் போய் வருவதால் ஒரு வாரம் கூடுதலாகும். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்காகக் கடை பூட்டியிருக்கும்.

ஐந்து நட்சத்திரத்தில் நான்கு கொடுப்பேன். ஆய்வேடு கொடுக்கும் திகதிக்கு முந்திய வாரத்தில் போகாதீர்கள், அப்போது வரிசை வீதி வரை நீளும். ஒரு மாதம் முன்னதாக, காலை நேரத்தில் போங்கள். பணம் குறைவாக இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள், நீங்கள் கேட்காமலேயே வரைவுப் பிரதிகளை அவர் இரு பக்கமும் அச்சிட்டுத் தருவார். வரைவுக்கு எங்கள் பீடத்தில் விதி எதுவும் இல்லை.