ரிசப்ஷனில் கேரிகேச்சர்: காசுக்குத் தகுமா?

தங்கையின் ரிசப்ஷனுக்கு போட்டோ பூத் வேண்டாம் என்று, உட்காரவைத்து கேரிகேச்சர், அதாவது முகத்தை மிகைப்படுத்திய கேலிப்படம், வரைந்து தருகிற ஒருவரைக் கூப்பிட்டிருந்தோம். மூன்று மணி நேரத்துக்கு 12,000 ரூபாய், பாதி அட்வான்ஸ் ஜிபேயில். பேப்பர், பேனா எல்லாம் அவருடையது, மேசையும் வெளிச்சமும் மட்டும் நம் பொறுப்பு.

முதலில் படம். சுமார்தான். பத்துப் பேரில் ஆறு பேருக்குத்தான் முகம் ஒத்துவந்தது, சித்தப்பா தன் படத்தையே கையில் வாங்கிப் பார்த்துவிட்டு "இது யாரோடது, விட்டுட்டுப் போயிட்டாங்களா?" என்றார். ஆனாலும் காசு வீண் என்று சொல்ல மாட்டேன், ஏனென்றால் மனிதர் வரைவதைவிட நன்றாகப் பேசுகிறார். பெரியம்மா உட்கார்ந்ததும் தாடையைக் கொஞ்சம் குறைத்துப் போடச் சொன்னார். "மூக்குத்தியப் பெருசாக்கிடறேன்மா, தாடைய யாரும் பார்க்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே அப்பளம் அளவுக்கு ஒன்றைப் போட்டார், பின்னால் வரிசையே சிரித்தது. ஆளுக்கு நான்கு நிமிடம். கூட்டம் சேர்ந்தால் அது இரண்டரை ஆகிவிடும், அப்போது சட்டைக் கட்டமும் தலைப்பூவும் படத்திலிருந்து காணாமல் போகும்.

"ஓவியக் கல்லூரியில படிச்சுட்டு மண்டபத்துல கடை போட்டிருக்கான்" என்று மாமா முணுமுணுத்தார். இதில் என்ன குறைச்சல்? 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு சேர்ந்த ஓவியர்களும் சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியதே மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்ற காசில்தான். என்ன, அவர்களுக்கு விற்கிற பொருள் வேறு, தங்களுக்காக வரைகிற படம் வேறு. இவருக்கு வரைவது, விற்பது, சிரிக்கவைப்பது மூன்றும் அந்த நான்கு நிமிடத்துக்குள். சாப்பிடும்போது தான் வரைந்த பழைய திண்ணை வீடுகளை போனில் காட்டினார், அப்போது மட்டும் ஜோக் எதுவும் வரவில்லை.

குறை என்றால், ஒவ்வொரு தாளின் அடியிலும் அவருடைய இன்ஸ்டா ஐடியும் க்யூஆர் கோடும் மணமக்கள் பெயரைவிடப் பெரிதாக இருந்தன, புக் பண்ணும்போதே பேசிவிடுங்கள். கடைசி அரை மணி நேரத்தில் வந்த எல்லோருக்கும் ஒரே மூக்கு.

அப்புறம் ஒன்று, மேசையை மேடைப் பக்கம் போடாதீர்கள். நாங்கள் முதலில் ஸ்பீக்கருக்குப் பக்கத்தில்தான் போட்டோம், அவர் பேசியது யார் காதிலும் விழவில்லை, வாங்கிப் பார்த்த படத்துக்கு யாரும் சிரிக்கவும் இல்லை. பந்தி வாசலுக்கு மாற்றிய பிறகுதான் வரிசையே சேர்ந்தது.