இங்கிலாந்தில் கேம்பர் வேன் கட்டக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இங்கே குடியிருக்கும் நம்மவர்களில் சிலர் பிள்ளைகளோடு ஸ்காட்லாந்துக்கும் வேல்ஸுக்கும் போய்வர கேம்பர் வேன் (உள்ளேயே படுக்கையும் அடுப்பும் உள்ள வேன்) விலை விசாரித்துக்கொண்டிருப்பதை அறிவேன். 2022 மார்ச்சில் நானும் அதே நிலையில் இருந்தேன். ஃபோக்ஸ்வேகன் தொழிற்சாலையிலிருந்தே முழுமையாகக் கட்டப்பட்டு வரும் கலிஃபோர்னியா வண்டியின் விலையைக் கேட்டுத் திகைத்து, அது கைக்கு வரப் பல மாதங்கள் ஆகும் என்றதும் மனம் மாறி, 2018ஆம் ஆண்டின் டிரான்ஸ்போர்ட்டர் வேன் ஒன்றைத் தனியாக வாங்கி, அதைக் கேம்பராக மாற்றித் தரும் பட்டறை ஒன்றிடம் 24,800 பவுண்டுக்கு ஒப்படைத்தேன். அந்தப் பட்டறையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. அந்த நிறுவனம் கலைக்கப்பட்டுவிட்டது. மேலும், ஒரு பெயரைத் தவிர்த்துவிட்டால் தப்பித்துவிடலாம் என்று நினைக்கக்கூடிய விஷயமும் இது இல்லை.

நான் ஏன் எளிதில் நம்பினேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். எனக்குச் சொந்த ஊர் கரூர்ப் பக்கம். முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு வெறும் சேஸிஸை நெடுஞ்சாலையில் ஓட்டிவரும் டிரைவர்களையும், சில வாரங்களில் அதே சேஸிஸ் பளபளக்கும் பேருந்தாகப் பட்டறையிலிருந்து வெளியே வருவதையும் பார்த்து வளர்ந்தவன். கம்பெனி சேஸிஸ் கொடுக்கும், பாடியைத் தெரிந்தவர்கள் கட்டுவார்கள், இரண்டும் தனித்தனித் தொழில் என்பது என் மனதில் பதிந்துபோன ஒழுங்கு. அந்த ஒழுங்கு இங்கே பொருந்தாது என்பது பிறகுதான் உறைத்தது. லாரி, பேருந்துகளின் சேஸிஸ் மேலே ஒரு பாடியைத் தாங்குவதற்கென்றே வடிவமைக்கப்படுகிறது. டிரான்ஸ்போர்ட்டர் போன்ற வேனில் தரை, பக்கச் சுவர், கூரை எல்லாம் ஒன்றாக இணைந்ததுதான் வண்டியின் எலும்புக்கூடு. தூக்கிவிடும் கூரை பொருத்துவதற்காக மேல்தகட்டில் பெரிய துளை வெட்டும்போது அந்த எலும்புக்கூட்டையே வெட்டுகிறோம். இழந்த வலிமையை ஒரு வலுவூட்டும் சட்டம் ஈடுசெய்ய வேண்டும். வெட்டிய விளிம்பு முழுவதும் துருத்தடுப்புப் பூச்சு பெற வேண்டும். ஒட்டுபசை காய்வதற்கு உரிய நேரம் தர வேண்டும். என் வண்டியில் முதலாவது இருந்தது. இரண்டாவது இல்லை. மூன்றாவதைப் பற்றி யாருக்கும் தெரியாது.

ஜூலையில் தருவதாகச் சொன்ன வண்டி அக்டோபரில் வந்தது. அலமாரிகள் கண்ணைப் பறித்தன. சின்ன மகள் விளக்குகளை அணைத்து எரிய வைத்துக்கொண்டே இருந்தாள். முழுப் பணத்தையும் கட்டுவதற்கு முன்தினம் என் மனைவி, "ஏங்க, பிள்ளைங்க உக்கார்ற சீட்டுக்கு என்ன சர்டிஃபிகேட் இருக்குன்னு கேட்டீங்களா?" என்றாள். எல்லாம் வைத்திருப்பார்கள் என்று சொல்லிவிட்டேன். இதை எழுதும்போதும் அந்தப் பதிலை நினைத்துக் கூசுகிறேன்.

முதல் பயணம் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் உள்ள கெஸ்விக்குக்கு. இரண்டாம் இரவே உட்புற பேட்டரி தீர்ந்து குளிர்பெட்டி நின்றது. பகலில் நான்கு மணி நேரம் ஓட்டியிருந்தும் பேட்டரி ஏறவே இல்லை. ஊர் திரும்பியதும் ஆட்டோ எலக்ட்ரீஷியன் ஒருவர் பத்தே நிமிடத்தில் காரணத்தைச் சொன்னார். யூரோ 6 என்ற புகை வெளியேற்றத் தரத்தில் வந்த பல வேன்களில், என்ஜின் பேட்டரி நிறைந்தவுடன், ஓடும்போது மின்சாரம் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தத்தை வண்டியின் கணினியே குறைத்துவிடுகிறது. வேகம் குறையும்போதும் சரிவில் இறங்கும்போதும் கூட்டுகிறது. பழைய வண்டிகளுக்குச் சரியாக இருந்த, இரண்டு பேட்டரிகளையும் இணைக்கும் சாதாரண ரிலேயை அப்படியே இங்கும் பொருத்தினால், அழுத்தம் குறைந்ததும் அது இணைப்பைத் துண்டித்துவிடும். இவற்றுக்கு வேண்டியது தாழ்ந்த அழுத்தத்தையும் உயர்த்திக் கொடுக்கும் டிசி-டிசி சார்ஜர். ரிலேயின் விலைக்கும் சார்ஜரின் விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பட்டறை மிச்சப்படுத்தியிருந்தது, அல்லது அவர்களுக்கே இது தெரிந்திருக்கவில்லை. இரண்டில் எது மோசம் என்று என்னால் முடிவுசெய்ய முடியவில்லை.

இதற்குள் கூரையின் பின்மூலையிலிருந்து நீர் கசியத் தொடங்கியிருந்தது. எரிவாயு உருளை வைத்த பெட்டியின் அடியில் வெளியேற்றும் துளையும் இல்லை. சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும், ஆகவே வண்டியின் அடிப்பகுதி வழியே வெளியே விழுவதற்கு வழி இருந்தாக வேண்டும் என்பது இந்தத் தொழிலின் அரிச்சுவடி. மூன்று முறை வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். மூன்று முறையும் சிலிக்கான் பூசித் திருப்பிக் கொடுத்தார்கள். நான்காம் முறை தொலைபேசியை எடுக்கவில்லை.

இவை எல்லாவற்றையும் பணச் செலவோடு தீர்ந்துவிடும் குறைகள் என்று விட்டுவிடலாம். என்னை உண்மையில் உலுக்கியது பின் இருக்கை. யாரையும் சாராத வாகன ஆய்வாளர் ஒருவரைப் பணம் கொடுத்து அழைத்தேன். அவர் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தபோது முகமே மாறியிருந்தது. மடித்தால் படுக்கையாகும் அந்த இருக்கை, பகலில் என் இரண்டு பிள்ளைகளும் பெல்ட் போட்டு உட்காரும் இருக்கை, நாணய அளவு வாஷர்களை மட்டும் வைத்து மெல்லிய தரைத் தகட்டில் போல்ட் போட்டு நிறுத்தப்பட்டிருந்தது. விசையைப் பரவலாக்கும் தடித்த இரும்புத் தகடு ஒன்றுகூட இல்லை.

பயணிகள் வாகனங்களுக்கான ஐ.நா. விதி 14 என்ன கேட்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். மூன்று முனை பெல்ட் கொண்ட ஒவ்வோர் இருக்கைக்கும் தோள்பட்டைப் பகுதியில் 13.5 கிலோநியூட்டன், இடுப்புப் பகுதியில் 13.5 கிலோநியூட்டன் என ஒரே நேரத்தில் இழுத்துப் பார்க்கிறார்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1,400 கிலோ எடைக்குச் சமம். பெல்ட் இருக்கையின் சட்டத்திலேயே பொருத்தப்பட்டிருந்தால், இருக்கையின் எடையைப் போல் இருபது மடங்கு விசையையும் சேர்த்து இழுக்க வேண்டும். இவ்வளவையும் என் வண்டியில் தாங்க வேண்டியவை அந்த வாஷர்கள்தாம்.

பட்டறையிடம் சான்றிதழ் கேட்டபோது, 'எம்1 பரிசோதனை பெற்றது' (எம்1 என்பது பயணிகள் கார் வகையைக் குறிக்கும்) என்று தலைப்பிட்ட ஒரு பக்கத்தை மின்னஞ்சலில் அனுப்பினார்கள். பரிசோதனை நடந்தது பொய்யில்லை. இருக்கையைத் தயாரித்த நிறுவனம் தன் சொந்தத் தகடுகளோடும், தான் குறிப்பிட்ட போல்ட்டுகளோடும், வேறொரு தரையமைப்பில் பொருத்தி நடத்திய பரிசோதனை அது. பரிசோதிக்கப்படுவது வெறும் இருக்கை அன்று. இருக்கை, பெல்ட், பிடிமானம், வண்டியின் தரை ஆகிய நான்கும் சேர்ந்த தொகுதி. அதில் ஒன்றை மாற்றினாலும் அந்தத் தாள் உங்கள் வண்டியைப் பற்றிப் பேசவில்லை. 'எம்1' என்ற சொல்லை விளம்பரத்தில் காணும்போதெல்லாம் எந்த வண்டியில், எந்தப் பிடிமானத்தோடு என்று கேளுங்கள்.

சட்டம் தடுத்திருக்காதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து புதிதாக வரும் வண்டி, முதல் பதிவுக்கு முன்பே இருக்கையும் பெல்ட்டும் உட்பட முழுமையாக வகை ஒப்புதல் பெற்றாக வேண்டும். ஏற்கெனவே பதிவான பழைய வேனைப் பிறகு மாற்றிக் கட்டும்போது அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. வண்டி சாலையில் ஓடத் தகுந்ததா என்று ஆண்டுதோறும் பார்க்கும் எம்ஓடி சோதனையில் பெல்ட் கிழிந்திருக்கிறதா, பூட்டுகிறதா, தெரியும் இடங்களில் துரு இருக்கிறதா என்று பார்ப்பார்களே தவிர, யாரும் அத்தனை விசையோடு இழுத்துப் பார்க்க மாட்டார்கள். என் வண்டி எம்ஓடியில் தேறியது.

இதனால் தொழிற்சாலை வண்டிதான் புனிதம் என்று சொல்ல வரவில்லை. 'தொழிற்சாலை வண்டி' என்ற சொல்லே கொஞ்சம் ஏமாற்றுவது. எல்லோரும் ஏக்கத்தோடு பேசும் பழைய ஃபோக்ஸ்வேகன் கேம்பர்களில் பெயர்பெற்றவற்றை 1951 முதல் மாற்றிக் கட்டியது வெஸ்ட்ஃபாலியா என்ற தனி நிறுவனம். கலிஃபோர்னியாவை ஃபோக்ஸ்வேகன் ஹனோவரில் தானே கட்டத் தொடங்கியது 2003இல் வந்த ஐந்தாம் தலைமுறையில்தான். மெர்சிடிஸின் மார்க்கோ போலோவும் ஃபோர்டின் நக்கெட்டும்கூட வெஸ்ட்ஃபாலியாவின் கைவேலையைத் தாங்கி, தயாரிப்பாளரின் பெயரிலேயே விற்பனைக்கு வந்தவை. கலிஃபோர்னியாவின் ஆரம்பகால ஐந்தாம் தலைமுறை வண்டிகளில் அலுமினியக் கூரையில் அரிப்பு ஏற்பட்டு உரிமையாளர்கள் அலைந்ததும் உண்டு. ஆனால் அவர்கள் அலைந்தது ஒரே வாசலுக்கு. நான் நீர்க்கசிவைப் பற்றிப் புகார் சொன்னபோது, வேன் விற்பனையாளர் கூரையை வெட்டியவரைக் கேள் என்றார். பட்டறை, கூரையைத் தயாரித்தவரைக் கேள் என்றது. தயாரித்தவர், பொருத்தியவரைக் கேள் என்றார். தொழிற்சாலை வண்டிக்கும் மாற்றிக் கட்டிய வண்டிக்கும் நான் கண்ட வித்தியாசம் அலமாரியின் நேர்த்தியிலோ மெத்தையின் தடிமனிலோ இல்லை. முழு வண்டிக்கும் யார் கையெழுத்துப் போடுகிறார் என்பதில் இருக்கிறது.

பதிவுப் புத்தகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வாகனப் பதிவை நடத்தும் அரசு அமைப்பான டிவிஎல்ஏ எங்கள் வண்டியை 'மோட்டார் கேரவன்' என்று மாற்றிவிடும், காப்பீடு மலிவாகும் என்று பட்டறை உறுதி சொன்னது. டிவிஎல்ஏ மறுத்துவிட்டது. உள்ளே படுக்கையும் அடுப்பும் இருந்தால் மட்டும் போதாது, வெளியிலிருந்து பார்த்தாலே கேரவன் என்று தெரிய வேண்டும் என்பது அவர்கள் நிலை. நிலையான உயர்கூரையைக் கணக்கில் எடுப்பார்கள். தூக்கி இறக்கும் கூரையை எடுப்பதில்லை. ஆவணத்தில் அது இன்றும் சன்னல் வைத்த வேன்தான். மாற்றங்கள் அனைத்தையும் காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்திருந்ததால் தப்பித்தேன்.

பணம் எப்படித் திரும்பியது என்பது பலருக்குப் பயன்படும். 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை உரிய கவனத்தோடும் திறனோடும் செய்யப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் திருத்தித் தரவோ விலையைக் குறைக்கவோ கோரலாம்; ஆனால் கலைக்கப்பட்ட நிறுவனத்திடம் கோரி என்ன பயன்? கடன் கொடுத்தவர்களின் வரிசையில் கடைசியில் நின்றிருப்பேன். என்னைக் காப்பாற்றியது, முன்பணத்தில் 2,000 பவுண்டை மட்டும் விமானப் புள்ளிகளுக்காகக் கிரெடிட் கார்டில் கட்டியிருந்த தற்செயல். 1974ஆம் ஆண்டின் நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவு, விலை 100 பவுண்டுக்கு மேலும் 30,000 பவுண்டுக்கு மிகாமலும் இருந்தால், கார்டில் ஒரு பகுதியை மட்டும் கட்டியிருந்தாலும் முழு ஒப்பந்தத்துக்கும் வங்கியைச் சேர்த்துப் பொறுப்பாக்குகிறது. வேனைத் தனியாக வாங்கியிருந்ததால் ஒப்பந்தம் 24,800 பவுண்டோடு நின்றது. கட்டி முடித்த வண்டியை அதே பட்டறையிடம் 40,000க்கும் மேல் கொடுத்து வாங்கியிருந்தால் இந்தப் பிரிவு எனக்கு உதவியிருக்காது. வங்கி முதலில் மறுத்தது. ஆய்வாளரின் அறிக்கையை இணைத்து முறைப்படி புகார் கொடுத்தேன். எட்டு வாரத்தில் இறுதிப் பதில் தராவிட்டால் வங்கிகள் மீதான புகார்களைத் தீர்க்கும் நிதித்துறை ஆம்புட்ஸ்மனிடம் போவேன் என்று எழுதியதும், ஏழாம் வாரத்தில் சீரமைப்புச் செலவுக்காக 9,400 பவுண்டு கொடுத்தார்கள்.

அந்தப் பணத்தோடு யார்க்‌ஷயரில் வேறொரு பட்டறைக்குப் போனேன். ஆம், மறுபடியும் பட்டறைதான். இம்முறை நான் எதுவும் கேட்பதற்கு முன்பே, இதே தலைமுறை டிரான்ஸ்போர்ட்டரின் தரையில் இதே பிடிமானத்தோடு நடந்த இழுவைப் பரிசோதனை அறிக்கையை மேசைமேல் வைத்தார்கள். நிறுவனப் பதிவகத்தின் இணையதளத்தில் அவர்களுடைய கணக்குகளை முந்தைய இரவே பார்த்துவிட்டுத்தான் போயிருந்தேன். பழைய இருக்கையைக் கழற்றிய அன்று மாலை, தரைக்கடியில் புதிதாகப் பொருத்திய இரும்புத் தகடுகளைப் படமெடுத்து அனுப்பினார்கள். அதை என் மனைவிக்குக் காட்டினேன். பழைய வாஷர்களையும் வாங்கி வரச் சொன்னாள். அவை இப்போது எங்கள் சமையலறைச் சன்னலோரத்தில் ஒரு கிண்ணத்தில் கிடக்கின்றன.